இலைக்குப் பின்னால் இருப்பவள்

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சில வாரங்களாக ஒரு ரோஜாப் படம் கிடக்கிறது. கீழ் ஓரத்தில் என் பெயர். வருகிறவர்கள், "அட, உனக்கு வரையக்கூடத் தெரியுமா!" என்று வாயைப் பிளக்கிறார்கள். அதில் நேற்றுவரை இலைகள் மட்டும்தான் நான் போட்டவை. அதிலும் நடுவில் இருக்கும் கொத்து, நான் போட்டிருக்கவே கூடாதது.

வரைந்தவள் எங்கள் லைன் அக்கா. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒரே மேசைக்கு எதிரெதிரே நின்று பல வருஷமாகப் பாகங்களைச் சரிபார்க்கிறோம். பேரிகை கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். கழித்துக்கட்டிய பாகங்களில் குறி போடும் மஞ்சள் மார்க்கரால் கிழிந்த அட்டைப்பெட்டிகளில் வரைவாள். பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கும் பெண்கள், கேன்டீனில் ரசத்தை உறிஞ்சும் ஷிஃப்ட் இன்சார்ஜ். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும். ஆனால் யார் வாங்குவார்கள்? கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க, "பிள்ளையார் போட்டுக் குடு, ஏழு குதிரை போட்டுக் குடு" என்று கேட்பார்கள். "எனக்கு வராதுப்பா" என்று கூசாமல் பொய் சொல்லிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துக் கிடக்கிறது, கையில் இப்படி ஒரு வித்தை இருக்கிறது, இவளுக்கு என்ன இவ்வளவு திமிர் என்று.

அந்த ஆர்டரை நான்தான் பிடித்தேன். பெங்களூர் சாலையில் திறக்கவிருந்த ஒரு ஹோட்டலுக்கு ஆறு ரோஜாப் படங்கள். பிடித்துப்போனால் எல்லா அறைகளுக்கும் அவளே வரையலாம், லைன் வேலையை விட்டுவிடலாம். அக்காவும் ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டாள். கெலவரப்பள்ளிப் பக்கம் ரோஜாப் பண்ணைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஞாயிறுதோறும் என் வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். பூ அவளுக்கு, இலை எனக்கு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆறு படத்திலும் பூக்களுக்கு நடுவே ஒரு பெண் நின்றாள். தலையையும் வாயையும் மஞ்சள் துணியால் கட்டியிருப்பாள், கண் மட்டும் தெரியும். கையில் பூ வெட்டும் கத்திரி, புறங்கையெல்லாம் முள் கீறல்.

போனில் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு ஹோட்டல் முதலாளி கூப்பிட்டார். "பூ சூப்பர் மேடம். அந்த வேலைக்காரப் பொம்பளய மட்டும் எடுத்துடுங்க. வர்றவங்க நிம்மதியா பாக்கணும்ல?" அக்கா முடியாது என்றாள். கெஞ்சினேன், கத்தினேன், அசையவில்லை. அவள் டீ போட அடுப்படிக்குள் போன நேரத்தில் பிரஷ்ஷை எடுத்தேன். ஒரு படத்தில் அந்தப் பெண் மேல் இலை இலையாகப் பச்சையை அப்பினேன். சத்தியமாக, அவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

டம்ளரோடு வந்து நின்றவள் குனிந்து படத்தைப் பார்த்தாள். "இலை நல்லாத்தான் போட்டிருக்க. அவ என் தங்கச்சிடீ. அந்தப் பண்ணையிலதான் பூ வெட்டறா." பிறகு படத்தை என் பக்கம் தள்ளினாள். "இது இப்ப உன் படம். கீழ உன் பேர எழுதி வித்துக்கோ."

நானும் பெயரை எழுதிக் கொடுத்தேன்; ஹோட்டல்காரர் அதை மட்டும் வாங்கி வரவேற்பறையில் மாட்டினார். மற்ற ஐந்தையும் அக்கா தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அறைகளுக்கான ஆர்டர் அத்தோடு போயிற்று. திங்கட்கிழமை வழக்கம்போல எதிரே வந்து நின்றாள். என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளோ அந்த வாரமே அட்டையில் என்னை வரைந்து லைன் முழுக்கக் காட்டினாள், மூக்கு நுனியில் பச்சைப் பெயிண்டோடு.

அந்த ஐந்து படங்களும் இன்னும் தங்கச்சி வீட்டுச் சுவரில்தான். முகம் துணிக்குள் இருப்பதால், பண்ணைப் பெண்கள் வந்து, "இது நான்தான்", "போடீ, இது நான்" என்று சண்டை போடுகிறார்களாம். அதைச் சொல்லும்போது அக்காவுக்கு வரும் சிரிப்பைப் பார்க்கவேண்டும்.

போன மாதம் ஹோட்டலைப் புதுப்பித்தார்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் என்னுடையதைக் கேட்டு வாங்கி வந்தேன். அக்காவை வரவழைத்து, "அந்த இலை மேல அவள மறுபடி வரைஞ்சு குடுக்கா" என்றேன்.

"மூடுனது நீ. நீயே வரை."

"எனக்கு இலைதானக்கா தெரியும்?"

"எனக்கு மட்டும் பொறந்தப்பவே தெரியுமாக்கும்!"

இதுவரை மூன்று அட்டைகளைப் பாழாக்கியிருக்கிறேன். கண் வந்துவிட்டது, கீறல் வந்துவிட்டது, கத்திரி பிடித்த விரல்தான் இன்னும் வெண்டைக்காயாக இருக்கிறது. இதை யார் வாங்குவார்கள் என்ற கேள்வியே மனசில் எழவில்லை, எனக்கே ஆச்சரியம். நேற்று துணிந்து படத்தில் இலை மேலேயே அவள் மஞ்சள் துணியை வரைந்துவிட்டேன். முடிந்ததும் அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "இது நான்தான்" என்று அவள் சண்டைக்கு வந்தால், கீழே என் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.