கண்ணை மூடினால் தெரிந்த முகம்

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட வாத்தியார். மனைவி அங்கேயே தேயிலைக் கொழுந்து பறித்தவள். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணமான புதிதில் பதுளையில் ஸ்டூடியோ வாசல்வரைக்கும் கூட்டிப்போனேன். "இந்த மூஞ்சிக்கு எதுக்குங்க படம்? வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. அந்த முட்டாள்தனத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் மாதமே அவள் முகம் எனக்குக் கலங்கத் தொடங்கியது. குரல் கேட்கும், நடை தெரியும், முகம் மட்டும் வராது. பயந்துபோனேன்.

அப்போது முதுகுவலிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் யோகாசனம் பழகிக்கொண்டிருந்தேன். சொல்லித்தந்தவர் பதுளைத் தபால் கந்தோரில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து நண்பர். என்னைவிட இரண்டு வயது இளையவர். உடம்பு வளைந்துவிட்டது, மனம்தான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது என்றேன்.

"ஒண்டை மட்டும் பிடியுங்கோ மாஸ்டர். விளக்கோ, பூவோ, உங்கட மனதுக்குப் பிடிச்ச எதுவோ. மனம் அதிலை நிண்டிட்டுதெண்டால், பிறகு அதையும் விடவேணும்" என்றார்.

பிடிக்கச் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது. நான் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடிக்குமுன் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவேன். சுவரில் புடவைக்கடையில் கொடுத்த லட்சுமி காலண்டர். அவள் மாட்டியது என்பதால் வருடம் முடிந்தும் கழற்ற மனம் வரவில்லை. ஆரம்பத்தில் முகம் இரண்டு மூச்சுக்குக்கூட நிற்காது. நெற்றி வந்தால் வாய் வராது. திருத்தாத கொப்பிகள் ஞாபகம் வரும். அடுத்த வீட்டு ஆடு கத்தும். விடாமல் உட்கார்ந்தேன். ஒரு வருடத்தில் கண்ணை மூடியதும் முழு முகமும் வந்து அசையாமல் நின்றது. தப்புச் சத்தம்கூடக் கேட்காது.

நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லது. இனி விடுங்கோ" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் சொல்லுகிற பேச்சா இது? அவர் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். தனியாகவே ஏழு வருடம் உட்கார்ந்தேன்.

ஒருநாள் சாயந்தரம் மகள் கேட்டாள்: "அம்மா எப்படிப்பா இருப்பாங்க?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன்! கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். வட்ட முகம், நீளக் கண், சின்ன வாய், வழுவழுப்பான கன்னம்.

என் மனைவியோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்த பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சிரித்துவிட்டார்.

"யாரைச் சொல்றீங்க வாத்தியாரே? அவளுக்கு மூஞ்சியெல்லாம் அம்மைத் தழும்பால்ல இருந்துச்சு! அதுனாலதானே படமே புடிக்கமாட்டேன்னா."

ஆமாம், தழும்பு. நான் விரலால் தடவித் தடவிப் பார்த்த தழும்பு. மறுபடியும் கண்ணை மூடினேன். முகம் சொன்னபடி வந்து நின்றது, ஒரு தழும்பும் இல்லாமல். கண்ணைத் திறந்தேன். எதிர்ச் சுவரில் லட்சுமி அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை காலமும் நான் அவளோடு இருக்கவில்லை. புடவைக்கடைப் படத்தோடு இருந்திருக்கிறேன். மகள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதேன். தழும்பு எங்கெங்கே இருந்தது, சொல்லுங்கள் என்று அந்த அக்காவிடம் கெஞ்சினேன்.

அவர் சிரிப்பு நின்றுபோனது. தன் கன்னத்தைத் தொட்டார். "இங்கிட்டு ஒண்ணு பெருசா... மூக்குக்கிட்ட ரெண்டு... இல்ல, அந்தப் பக்கமா? சரியா நெனப்பில்லைங்க."

மகள் தன் கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இங்கேயாப்பா?"

"தெரியலைம்மா" என்றேன்.