ஒன்றாம் நம்பருக்கு மட்டும் சிவப்பு

எட்டு கணினிகளுக்கு ஒரே வேலையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, எது உழைக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று தெரியாமல் முழிப்பதுதான் எங்கள் தொழில். பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முந்திக்கொண்ட பதில்

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில், பல்சக்கரங்களின் புகைப்படங்களைப் பார்த்து விரிசல் தேடும் நிரல் அது. எழுதியவர் என் சக ஊழியர் மும்தாஜ். ஒரே கணினியில் ஒரு மணி நேரம் ஆன வேலை, எட்டுக்குப் பிரித்த பிறகும் ஐம்பது நிமிடம் இழுத்தது. வெள்ளிக்கிழமைக்குள் வேகம் வராவிட்டால் நிரலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மும்தாஜின் ஒரு வருட உழைப்பு!

உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்க, கணினிக்கு ஒரு கோடு, அவை அனுப்பிக்கொள்ளும் செய்திக்கு ஒரு அம்பு என்று படம் வரைந்தேன். சில அம்புகள் பின்னோக்கிப் பாய்ந்தன. செய்தி கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கிறது! எனக்குப் புல்லரித்தது. மும்தாஜ் எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணுலயும் மணி ஒவ்வொரு மாதிரி ஓடுது. கடிகாரத்தைச் சரி பண்ணிட்டு அப்புறம் ஆச்சரியப்படுங்க சார்."

சிவப்பு

கடிகாரங்களைச் சரிசெய்து, வண்ணமும் பூசினேன். மும்முரமாக உழைத்தால் சிவப்பு, காத்திருந்தால் பச்சை. ஒன்றாம் கணினியின் கோடு முழுக்கச் சிவப்பு, மற்ற ஏழும் பெரும்பாலும் பச்சை. அடடா என்று யோசித்துக்கொண்டே சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஒன்றாம் கணினி அணைந்து கிடக்கிறது, எல்லாமே நின்றுபோயிருக்கிறது. பக்கத்தில் சோதனைப் பிரிவு சூப்பர்வைசர் சந்திரப்பா, திரையில் இருந்த என் படத்தைப் பார்த்துவிட்டு, பெருமையாக நிற்கிறார். மெஷின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பது அவருக்கு இருபது வருடப் பழக்கம்.

"நோடி, இங்க பாருங்க சார், ஏழும் நல்லா ஓடுது. இது ஒண்ணுதான் கெட்டுப்போச்சு, ஆஃப் பண்ணிட்டேன்."

டோக்கன்

மும்தாஜுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வெள்ளி. கோபத்தை விழுங்கிக்கொண்டு, வண்ணங்களைச் சந்திரப்பாவின் வழக்கப்படி மாற்றி, உழைத்தால் பச்சை, காத்திருந்தால் சிவப்பு என்று அவரிடம் காட்டினேன். அம்புகளை விரலால் தடவிக்கொண்டே போனவர், "எல்லாம் ஒண்ணாம் நம்பர்ல இருந்துதான் கெளம்புது. நம்ம கேன்டீன் கதைதான். டோக்கன் குடுக்க ஒரே ஆளு, தட்டோட ஏழு பேரு நிக்கறாங்க" என்றார். புகைப்படங்களை ஒன்றாம் கணினி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது! ஒவ்வொரு கணினியும் தன் பங்கைத் தானே எடுத்துக்கொள்ளும்படி மும்தாஜ் அன்றே மாற்றினார். வெள்ளிக்கிழமை ஒன்பதே நிமிடம், நிரல் பிழைத்தது. திரையை நோக்கிச் சந்திரப்பா நகர, மும்தாஜ் குறுக்கே வந்து நின்றார்.

"எல்லாமே பச்சைங்கண்ணா. கையை மட்டும் பாக்கெட்டுல வெச்சிக்குங்க."

எட்டு கணினிகளின் மனதைப் படிக்கப் படம் வரைந்த நான், அதைப் பார்க்கப்போகும் மனிதரிடம் சிவப்பு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.