ஜெயபுரத்து ரதி

மல்லாவிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஜெயபுரத்திலிருந்து சைக்கிளில் வந்தவர், "அண்ணை, பெரியசாமி முடிஞ்சுபோனார். மலேரியாக் காய்ச்சல்" என்றார். ஆறடி உயரம், எருமைத் தோள், மூன்று ஊருக்குப் போதுமான மீசை. அந்த மனிதரைச் சாய்க்க ஒரு நுளம்பு போதுமாக இருந்தது என்பதை நான் இன்னும் நம்பவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் ஒரு நாளைச் சொல்கிறேன். உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து, அவருடைய காணியில் நான் கொட்டில் போட்டிருந்த வருடம். மாசியில் காமன் கூத்து என்றார்கள். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடந்து, சிவன் காமனை எரித்து, மூன்றாம் நாள் அவன் எழும்பும் கதை. மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய சனம் தம்மோடு கொண்டுவந்தது. ஈரேழு உலகத்துக் கூத்துகளையும் முன்வரிசையில் இருந்து பார்த்த இரசிக சிகாமணியாகிய நான், உட்கார்ந்து பார்க்கச் சைக்கிளில் ஒரு கதிரையைக் கட்டிக்கொண்டு போனேன். போனால், மேடையே இல்லை. ஒழுங்கை ஒழுங்கையாகக் கூத்து நடந்துபோகிறது; சனமும் கூடவே போகிறது.

மீசையை வழித்து, சேலை கட்டி, ரதியாக நின்ற பெரியசாமி கேட்டார்: "அண்ணே, நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"நான் சும்மா பார்க்க வந்தனான்."

"சும்மா பார்க்குற ஆளு இங்க யாரும் இல்லீங்க. நீங்க எனக்குத் தாய்மாமன். கதிரைய வேலியில சாத்திட்டுச் சீர்த் தட்டைத் தூக்குங்க."

தூக்கினேன். கல்யாணம் நடந்தது. மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் என்பதால் காமனைப் பின்னேரமே எரித்துவிட்டார்கள். அதன்பின் ரதி ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று ஒப்பாரி சொல்ல வேண்டும்; தாய்மாமன் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் வீட்டிலேயே நான் அழுத அழுகையில் இரணைமடுக் குளமே நிரம்பி வான் பாய்ந்திருக்கும்.

பிறகு சரசுவின் படலை வந்தது. அவளுடைய புருஷன் தேன் எடுக்கக் காட்டுக்குப் போய் ஐந்து மாதம். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. அவள் பொட்டோடுதான் இருந்தாள், ஒருநாளும் அழுததில்லை. எந்த வீட்டையும் தாண்டிப் போகக்கூடாது என்பது கூத்தின் முறை. அங்கே ஒப்பாரி வைத்தால் அவளை விதவையாக்கியதாகிவிடும். தப்பு மேளம் நின்றது.

சரசு ரதியைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, ஒங்க வீட்டுக்காரரு மூணாம் நாளு எந்திரிச்சிருவாரு. எங்க வீட்டுக்காரரு வருவாரா?"

"வருவார் எண்டு சொல்லும், பெரியசாமி" என்று நான் அவருடைய காதுக்குள் கெஞ்சினேன். அந்த வேஷத்தில் அவர் எதைச் சொன்னாலும் ஊர் அதைத் தெய்வவாக்காக எடுத்திருக்கும்.

"தெரியல, தாயி" என்றார் ரதி. "தெரியாததச் சொல்ல எனக்கு வாய் வராது. கூட இருந்து அழத்தான் தெரியும்."

படலையடி மண்ணில் உட்கார்ந்தார். பாட்டு இல்லை. சரசு வந்து அவருடைய தோளில் சாய்ந்து, ஐந்து மாத அழுகையையும் அழுதாள். எங்களுக்குப் பின்னால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, எரித்த சிவன் உட்பட முழுச் சனமும் மண்ணில் உட்கார்ந்திருந்தது. கயிலாயம் அன்று அந்தப் படலையடியில் இருந்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

அழுது முடிந்ததும் பெரியசாமி சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டார், பொட்டில் மட்டும் படாமல்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். ஒன்றைப் பத்தாக்கும் இந்த வாய், காத்திருப்பவர்களின் வீட்டில் "வருவார்" என்றும் சொல்வதில்லை, "வரமாட்டார்" என்றும் சொல்வதில்லை. அவர்களோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.