முருகன் மறைத்த இலக்கத்தகடு

இணையத்தில் பழைய கார் விளம்பரங்களைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். காரின் முகம், முதுகு, விலா, இருக்கை, கால்விரிப்பு எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டுவார்கள். இலக்கத்தகடு மட்டும் தெரியாது. சிலர் அதன்மேல் கறுப்புக் கட்டம் போடுவார்கள், சிலர் கலங்கலாக்கிவிடுவார்கள். அவசரக்காரர் ஒருவர் தன் கட்டைவிரலைக் கமராவுக்கு முன்னால் பிடித்தே காரியத்தை முடித்திருந்தார். இனிக் கார் ஓட்டவேண்டாம் என்று கண் வைத்தியர் சொன்ன பிறகு இந்தப் படங்களைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்காக இருந்தது. ஓட்டுவதற்கு உதவாத கண், படம் பார்ப்பதற்காவது உதவியது.

ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு இங்கே காரணம் உண்டு. சுவிஸில் இலக்கத்தகடு காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். காரை விற்றால் தகட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அடுத்த காரில் மாட்டலாம். பல மாநிலங்களில் அந்த இலக்கத்தைக் கொண்டு உரியவரின் பெயரையும் விலாசத்தையும் எவரும் தேடி எடுத்துவிடலாம். ஆகவே கள்ளனுக்குப் பயந்தவர்கள் மறைக்கிறார்கள். நான் கள்ளனுக்குப் பயந்தவன் இல்லை. வில் நகரத்தில், தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கள்ளன் எடுக்க என்ன இருக்கிறது. நாங்கள் மறைத்தது வேறு பயத்தில்.

என் கார் வெள்ளி நிறம், பின்பக்கம் நீண்டது. புதிதாக வாங்கியது. வாங்கிய அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, முன்மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, உள்ளே கண்ணாடிக்குக் கீழ் ஒரு பிள்ளையாரை ஒட்டினேன். அந்தப் பிள்ளையாரோடு விமான நிலையத்துக்கு எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருப்பேன், செத்தவீட்டுக்கு எத்தனை பேரைக் கூட்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை.

ஆனால் எனக்கு அந்தக் காரில் பிடித்தது அதன் சாம்பல் நிறப் பதிவுப் பத்திரம்தான். அதில் என் முழுப்பெயரும் ஓரெழுத்துக் குறையாமல் அச்சாகியிருந்தது. வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். தலைமைச் சமையல்காரருக்கு என் பெயர் நீளமாகப் பட்டதால், எனக்கு முன் அங்கே கழுவிய போர்த்துக்கல்காரனின் பெயராலேயே என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டால் நானும் திரும்பிப் பார்ப்பேன். வேறென்ன செய்வது. அப்படி இருந்தவனுக்கு, தெருவோரம் நிற்கும் ஒரு காரைக் காட்டி, இது இன்னாருடையது என்று அரசாங்கமே எழுதித் தந்திருப்பது சின்ன விஷயமில்லை. அதனால் விற்பது என்று முடிவான போது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இது என் கார் என்று சொல்லி, பக்கத்தில் நின்று, கைகொடுத்து விற்கவேண்டும்.

முதல் விளம்பரத்தை நானே போட்டேன். தகட்டை மறைக்கவில்லை, பெயரையும் மறைக்கவில்லை. வெளிநாட்டுக்குக் கார் ஏற்றும் வியாபாரிகள் இரண்டொருவர் கைப்பேசியில் எடுத்து, அடிமாட்டு விலை கேட்டார்கள். ஒரு மனிதர் என் ஜெர்மனைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தார். அவருடைய பிறகு இன்னும் வரவில்லை. ஒரு பெண் மிக மரியாதையாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். காருக்குள் சாப்பாட்டு வாசனை ஏதாவது தங்கியிருக்குமா என்று அறிய விரும்பினார். அந்தச் செய்தியை மனைவிக்குக் காட்டவில்லை.

வேலையில் என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்ற சுவிஸ்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இலக்கத்தை ஏன் காட்டினாய்? ஆளைத் தேடிப் பார்த்திருப்பார்கள்" என்றார். நல்ல மனிதர். கள்ளனைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கைப்பேசியில் படத்தைக் கலங்கலாக்கத் தெரியாது. சுவரில் கிழித்து முடிந்த பழைய நாட்காட்டியின் மட்டை கிடந்தது. அளவும் சரியாக இருந்தது. அதைத் தகட்டின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் புதுப்படம் எடுத்துப் போட்டேன்.

அன்று மாலையிலிருந்து கைப்பேசி ஓயவில்லை. எல்லாம் எங்கள் சனம்.

"அண்ணை, அது உங்கட கார் தானே? என்ன, வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை."

"இல்லை, ஊருக்கே திரும்பிப் போகப்போறியளோ எண்டு ஆரோ கதைச்சவை."

ஆர் கதைத்தது என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். ஒருவராவது காரின் விலையைக் கேட்கவில்லை. என் கடன், என் குடும்பம், என் வருத்தம் எல்லாவற்றையும் கேட்டார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இலக்கம் மறைந்திருக்கும்போது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூக் நகரத்திலிருந்து மகள் வந்தாள். அங்கே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறாள், ஒரு சுவிஸ்காரரை மணந்திருக்கிறாள். என் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்பா, நம்பரை மறைச்சுப்போட்டு ஊரையே காட்டியிருக்கிறியள்."

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். தகடு இருந்த இடத்தில் முருகன் மயிலோடு நின்றார், வள்ளி தெய்வானையும் உடன் இருந்தார்கள். காலடியில் எங்கள் தமிழ்க் கடையின் பெயரும் வில் என்ற ஊர்ப்பெயரும் பெரிய எழுத்தில் இருந்தன. மட்டையைத் திருப்பி வைத்திருக்கலாம். வருடம் முழுவதும் பார்த்த முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப என் கைக்குத் தோன்றவேயில்லை.

"இனி நான் பாக்கிறன்" என்றாள். சொன்னபடி பார்த்தாள். முன்மூடியில் காய்ந்து கறையாகிப் போயிருந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தாள். பிள்ளையாரை மெல்லப் பெயர்த்துக் கடதாசிக் கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப்பைக்குள் வைத்தாள். மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. பிறகு காரைத் தேவாலயத்துப் பக்கம் ஓட்டிப்போய், புல்வெளி தெரியப் படமெடுத்து வந்தாள். தகடு இருந்த இடத்தில் அழகான வெள்ளைக் கட்டம்.

"ஆற்ற பெயர் போடுறாய்?"

"அவற்ற" என்றாள், புருஷனைச் சொல்லி. "பாருங்கோ, நாளைக்கே ஆக்கள் எடுப்பினம்."

"கார் என்ர தானே பிள்ளை."

"ஓம் அப்பா, ஆர் இல்லையெண்டது? பேப்பரில உங்கட பெயர் தானே கிடக்கு. இது விளம்பரத்துக்கு மட்டும்."

சூக்கில் அவர்கள் வீடு தேடிய காலத்தில், அவள் பெயரில் அனுப்பிய விண்ணப்பங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. மருமகனுடைய பெயரில் அனுப்பியதற்கு உடனே வந்து பாருங்கள் என்றார்கள். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும், படித்து முடித்ததும் என் பெயரோடுதான். கலியாணத்தோடு அதை விட்டாள். அவன்ர பெயரையே வை, வசதி என்று சொன்னவன் நான். அன்றைக்கு அது நல்ல யோசனை. இன்றைக்கும் கெட்ட யோசனை என்று சொல்லமாட்டேன். வீடு கிடைத்தது. அதுதான் எரிச்சல், அவள் சொல்வது ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கிறது.

இந்த முறையும் சரியாக இருந்தது. அடுத்த நாளே பலர் எழுதினார்கள். சாப்பாட்டு வாசனை பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்களில் நல்லவர்களாகப் பார்த்து ஓர் இளம் சோடியைச் சனிக்கிழமை வரச் சொன்னாள்.

சனி காலை விற்பனைப் பத்திரத்தில் குசினி மேசையில் இருந்தபடி கையெழுத்து வைத்தேன். அவள் அதை மடித்துக்கொண்டு, "அப்பா, நீங்கள் மேல நில்லுங்கோ. தெரிஞ்ச ஒரு வயசானவற்ற கார் எண்டு போனில சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் கதைச்சால் குழம்பும்" என்றாள்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை. சும்மா நிக்கிறன்."

"அப்பா."

நான் மேலேயே நின்றேன். யன்னலால் பார்த்தேன். அந்தப் பெடியன் குனிந்து சில்லுகளைப் பார்த்தான், பெட்டை பின்கதவைத் திறந்து மூடினாள். காரை நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று அவன் சொல்வது எனக்குக் கேட்டது. மனைவி பின்னால் வந்து, "இஞ்சாருங்கோ, திரைக்குப் பின்னால நிண்டு கள்ளன் மாதிரிப் பாக்காதேங்கோ" என்றாள்.

அப்போது மகள் கீழேயிருந்து கைப்பேசியில் எடுத்தாள். பனிக்கால டயர்களைக் கேட்கிறார்கள், கெல்லர் என்ற கீழறையின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்க மாட்டேன். செருப்போடு இறங்கிக் கீழறைக்குப் போய், ஒவ்வொரு டயராகத் தூக்கிக்கொண்டு வந்து காரடியில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கத்துச் சில்லு என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த பெட்டை மகளிடம், உங்கள் கட்டடத்துக்கு நல்ல பராமரிப்பாளர் கிடைத்திருக்கிறார் என்றாள்.

மகள் சிரித்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பதிவுப் பத்திரத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அவன் அதை விரித்து, என் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்க முயன்று, பாதியில் விட்டான். கெட்ட எண்ணத்தோடு இல்லை.

"இவர் யார்?" என்றான்.

நான் கடைசி டயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லிவிடலாம். போனில் சொன்னது ஒரு சின்ன விஷயம், சிரித்துக்கொண்டு திருத்திவிடலாம். கார் விற்றாகிவிட்டது, அவர்கள் விரும்பிவிட்டார்கள், இனி எந்தப் பெயரும் அதைக் கெடுக்காது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்.

"ஒரு தெரிந்தவர்" என்றாள், சுத்தமான சுவிஸ் ஜெர்மனில். "வயதாகிவிட்டது. கண் சரியில்லை, இனி ஓட்டுவதில்லை."

நல்ல ஜெர்மன். அந்தப் பேச்சு அவளுக்கு வரவேண்டும் என்றுதான் நான் இரண்டு இடத்தில் வேலை செய்தேன். டயரை மற்றவற்றின் மேல் வைத்தேன். கறுப்புத் தோலோடு இரண்டு பேர் பக்கத்தில் நின்றால் உறவா என்று கேட்பது மரியாதையில்லை என்று அந்தப் பெடியன் நினைத்திருக்கக்கூடும். அவன் கேட்கவில்லை.

அவன் மகளுக்குக் கைகொடுத்தான், அவன் மனைவியும் கொடுத்தாள். பிறகு தான் கொண்டுவந்த தகடுகளை மாட்டுவதற்காக என்னுடையவற்றைக் கழற்றினான். முன்பக்கத்துச் சின்னதையும் பின்பக்கத்துப் பெரியதையும் துணியால் துடைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தான். மகள் குனிந்து கைப்பேசியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். ஆகவே என்னிடம் வந்தான்.

"உரியவரைக் கண்டால் இதைக் கொடுத்துவிடுவீர்களா? காரை மிகவும் கவனமாக வைத்திருந்திருக்கிறார். எங்கள் நன்றியையும் சொல்லுங்கள்."

இரண்டு கையாலும் வாங்கினேன். சொல்கிறேன் என்றேன்.