கடைசிப் பாகத்தில் காணாமல் போன பை

துப்பறிவாளரின் பை காணாமல் போனபோது நான் சந்தேகப்பட்டது அந்த விளையாட்டைத் தயாரித்தவர்களைத்தான். என் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு எல்லாமாகப் பத்து நாள் ஆயிற்று. துப்பறியும் விளையாட்டை ஆறு பாகம் ஆடி முடித்தவனின் மூளை இந்த லட்சணத்தில்தான் வேலை செய்கிறது.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் துப்பாக்கியும் ஓட்டமும்தான் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. திரையில் ஓர் அறை தெரியும். மேசை, அலமாரி, அணைந்த விளக்கு. மவுஸை நகர்த்தி எதையாவது சொடுக்கினால் இழுப்பறை திறக்கும், கடிதம் கிடைக்கும், சாவி விழும். கிடைத்ததெல்லாம் வலது கீழ் மூலையில் தொங்கும் தோல் பைக்குள் போகும். கொலைகாரனைப் பிடிக்க வேண்டிய சங்கதி எல்லாம் அந்தப் பைக்குள்தான். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். நாற்பத்தெட்டு வயதில் தொந்தியோடு ஆடத் தோதானது. துப்பறிவாளரும் வயசாளிதான். கையில் எப்போதும் குடை. அவர் ஊரில் எல்லாப் பாகத்திலும் மழை பெய்துகொண்டே இருக்கும். அந்த மழையைப் பார்ப்பதற்காகவே முதல் பாகத்தை வாங்கினேன் என்று சொன்னால் எங்கள் கோவில்பட்டிக்காரர்கள் நம்புவார்கள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு மதியம் கடை கிடையாது. சாப்பிட்டதும், வெக்கை உள்ளே வராமலிருக்க ஜன்னல்களைச் சாத்திவிட்டு நானும் என் மனைவியும் கம்ப்யூட்டர் முன் உட்காருவோம். மவுஸ் என்னுடையது, பார்வை அவளுடையது. கல்யாணத்துக்கு முன் அவள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள். மரச் சட்டத்தில் வரிசையாக நிற்கும் குச்சிகளில் ஒன்று குறைந்தாலும் போகிற போக்கில் சொல்லிவிடுவாள். “இங்கன பாருங்க, அந்தச் செருப்புக்குக் கீழ” என்பாள். நான் சொடுக்குவேன். மவுஸை அவள் தொடவே மாட்டாள். தொட்டால் தப்புக்கும் அவள் பொறுப்பாகிவிடுவாளாம். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆடக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் கண்டிப்பான பேச்சு.

என் வலது கண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் எங்கள் புஞ்சையில் சோளத்துக்குள் ஒளிந்து விளையாடியபோது தோகை அறுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கண்ணுக்கு உலகம் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிழைப்பு முழுக்க இடது கண்ணில். ஒற்றைக் கண்ணன் ஜெராக்ஸ் எடுத்தால் பாதிப் பக்கந்தான் வரும் என்று கேலி செய்ய எங்கள் தெருவில் ஆள் உண்டு. அந்த ஆள் நான்தான்.

ஏழாம் பாகம்தான் கடைசி என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். கடலோரத்தில் ஒரு பாழ் வீடு, வெளியே புயல். முதல் ஞாயிறே என் பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. பார்த்தாயா என்று கேட்டேன். எங்கே என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு பாகத்தில் முதல் முறையாக அவள் தவறவிட்டதை நான் பார்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கரும்புள்ளி பறந்தது. தடயமாக்கும் என்று துரத்தித் துரத்திச் சொடுக்கினேன். நான் பார்க்கிற பக்கமெல்லாம் அதுவும் நகர்ந்தது. அவள் என்னையும் மவுஸையும் மாறி மாறிப் பார்த்தாள். ஈ என்றேன். கொசுவாக இருக்கும் என்றாள், பெருந்தன்மையாக.

மறுநாள் கடையிலும் அதே கொசு. பக்கத்து டீக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. பால் ஆற்றிக்கொண்டே முடிவு சொல்லிவிட்டார்.

“சூடு. வெளக்கெண்ணெ வையி.”

எங்கள் பக்கத்தில் வாய்ப்புண்ணிலிருந்து வழுக்கை வரை எல்லாம் சூடுதான். கரிசல் காட்டு வெயிலில் பிறந்தவனுக்கு வேறு வியாதி எப்படி வரும்? உள்ளங்காலில் விளக்கெண்ணெய், உச்சியில் நல்லெண்ணெய், வயிற்றில் வெந்தயம், மதியம் நுங்கு. தாளிப்பதுதான் பாக்கி. அந்த வாரம் முழுக்க என் உடம்பில் கண்ணைத் தவிர எல்லாம் குளிர்ந்தது.

இரண்டாவது ஞாயிறு பை போயிற்று. நேராகப் பார்த்தால் இருந்தது. பார்வையை நகர்த்தினால் இல்லை. கீழ் மூலையிலிருந்து கறுப்புச் சீலை ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பாகம் அல்லவா, பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக எடுத்திருக்கிறான் என்று வாய்விட்டுப் பாராட்டவும் செய்தேன். அந்த மூலையில் கிடந்த சாவியை நான் கவனிக்காமல் அடுத்த அறைக்குப் போகப் பார்க்க, அவள் சொல்லி எடுத்தேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. போனில் விடையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய் என்று அவளைச் சீண்டியபடி திரும்பினேன்.

அவளுக்குத் தாடையும் ஒரு தோளும் இல்லை.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். சுவர்க் காலண்டரில் அடிப்பக்கத்து வாரங்கள் இல்லை. குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். எனக்கும் தாடை இல்லை. தாடை இல்லாமல் நான் சுமாராகத்தான் இருந்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்குத் தாடை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் சோப்புப் பெட்டியைத் தேடிப் பார்த்தேன். கை வாளிக்குள் போயிற்று. இனி மிச்சமுள்ள காலம் இப்படித்தானோ? வெளியே வந்து, தலைவலி என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அணைத்தேன். வாயால் சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயம். சூடுதான், சூடுதான் என்று எனக்கு நானே ஓதிக்கொண்டு மேலும் மூன்று நாள் எண்ணெயில் ஊறினேன்.

புதன்கிழமை காலை கடையில் ஓர் ஆதார் அட்டை அந்தரத்தில் மிதந்து என்னை நோக்கி வந்தது. நீட்டிய கை இல்லை. நான் போட்ட கூப்பாட்டில் அட்டைக்காரர் அட்டையை விட்டுவிட்டு ஓடினார். அண்ணாச்சி எட்டிப் பார்த்து என்ன என்றார். சூடு என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் உடனே சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் மனப்பாடம் செய்தேன். வெடித்த கரிசல், பருத்திச் செடி, மின்கம்பி, அதில் குந்தியிருந்த கரிச்சான். சாத்தூரில் வெள்ளரிக்காய்க் கூடையை என் அளவு பக்தியோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். விற்கிற அம்மா, வாங்கப் போகிறேன் என்று நினைத்து நான்கு பிஞ்சை என் மடியில் போட்டுவிட்டாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயசுப் பெண். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, வெகுநேரம் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு நாள் என்றேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத குரல் எனக்கு அப்படியே வந்தது.

பின்னாலிருந்து என் மனைவி சொன்னாள்.

“பத்து நாளு டாக்டர். மொத ஞாயித்துக்கெழமையே இல்லாத மின்னலப் பாத்தாவ. போன ஞாயிறு, வலது பக்கம் கீழ கெடந்த எதையும் இவிய தொடல. கண்ணு முன்னால கெடந்த சாவிய விட்டுட்டுப் போனாவ. நான் செயிக்கட்டும்னு விட்டுக்குடுக்காவன்னு நெனச்சிட்டேன்.”

டாக்டருக்கு எந்தச் சாவி, என்ன ஜெயிப்பு என்று ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவளுக்கு எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. அதை என் நல்ல குணமென்று நம்பி மூன்று நாள் பூரித்திருந்திருக்கிறாள்.

கண்ணுக்குள் விழித்திரை, சுவரில் ஒட்டிய காகிதம்போல ஓரத்திலிருந்து உரிந்துகொண்டு வருகிறதாம். நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, அதுவும் உரிந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். விளக்கெண்ணெய் பற்றிச் சொன்னேன். அவர் நாளைக்கே ஆபரேஷன் என்று எழுதினார். கண்ணுக்குள் வாயு அடைப்பார்கள், அது உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும், ஒரு வாரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும், வாயு கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. விமானத்தை எப்படியாவது தவிர்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டார்.

பார்வை திரும்புமா என்று கேட்டேன். வாயு கரையக் கரையத்தான் தெரியும் என்றார்.

ஆக, வீட்டில் குப்புறக் கிடந்தேன். இடது கண்ணில் கட்டு. கட்டை அவிழ்த்து மருந்து விடும்போதும் உள்ளே வாயு நிற்பதால் வெறும் கலங்கல். வலது கண்ணுக்குத் தலையணை உறையின் பூ மங்கலாக. சாப்பாடு, காபி எல்லாம் குனிந்தபடி உறிஞ்சல். தலையை நிமிர்த்தினால் காகிதம் மறுபடி உரிந்துவிடுமோ என்று, தும்மலைக்கூட விழுங்கினேன். தும்மலை விழுங்கினால் கண் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் அதற்கப்புறம் வந்தது.

நான்காம் நாள் மதியம் அவள் கம்ப்யூட்டரைப் போடும் சத்தம் கேட்டது. மவுஸ் சொடுக்கும் சத்தமும். அவள் தொடுகிறாள்!

“என்னட்டி செய்யுத?”

“கடைசி ரெண்டு ரூம்புதான் கெடக்கு. முடிச்சிருவோம். நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க.”

கண் சரியாகும் என்றால் காத்திருக்கலாமே. இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவைப் பார்க்க வேண்டும் என்று இத்தனை வருஷம் பிடிவாதமாக இருந்தவள், இப்போது ஏன் அவசரப்படுகிறாள்? நான் இனிப் பார்க்கப் போவதில்லை என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“டாக்டரம்மா ஒங்கிட்ட தனியா என்ன சொன்னா?” என்று தலையணையிடம் கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல.”

“பொய் சொல்லாத.”

அவள் நாற்காலி என் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

“எனக்குப் பயமா இருக்கு. சும்மா உக்காந்தா ஒங்க கட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன். அதான்.”

சரி, வாசலிலிருந்து ஆரம்பி என்றேன்.

அவள் பார்த்ததைச் சொன்னாள், நான் சொடுக்கச் சொன்னேன். மவுஸ் மேசையிலிருந்து இரண்டு தடவை கீழே விழுந்தது. கொலைகாரர் அந்த வீட்டின் பழைய டாக்டர் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். எனக்கு டாக்டர்கள்மீது சந்தேகமே வரக் கூடாத வாரம் அது. பிறகு முடிவு. நீளமான காட்சி போல, சங்கீதம் ஓடியது, அவள் சத்தத்தைக் காணோம். என்ன ஆச்சு, துப்பறிவாளர் என்ன ஆனார் என்று கேட்டேன்.

“வந்துட்டா,” என்றாள்.

“யாரு?”

“அவரு தங்கச்சி. ரயில்ல கூட்டிட்டுப் போறா. அவரு ஜன்னலோரம் உக்காந்துட்டாரு. குடைய மேல வச்சிட்டு நல்லாத் தூங்குதாரு.”

ஏழு பாகத்தில் ஒரு தங்கச்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தலையணை உறை நனைந்ததற்குக் குப்புறப் படுத்த எச்சில் என்று அவளிடம் சொன்னேன்.

வாயு கரைந்த விதம்தான் வேடிக்கை. கண்ணுக்குள் பாட்டில் தண்ணீர் மாதிரி ஒரு கோடு தளும்பிக்கொண்டே நாளுக்கு நாள் கீழே இறங்கும். கோட்டுக்கு மேலே உலகம். முதலில் மின்விசிறி தெரிந்தது, பிறகு பரண், பிறகு அவள் நெற்றி, மூக்கு. தாடை வர இரண்டு வாரம் பிடித்தது. அதுவரை ஒவ்வொரு காலையும் கண்ணைத் திறக்கப் பயந்து, பல் விளக்காமல் படுத்திருந்தேன். இப்போதும் கதவு நிலை கொஞ்சம் வளைந்துதான் தெரிகிறது. ஆசாரி செய்ததே அப்படித்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், பேச்சை மீறிக் கடைசிக் காட்சியைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். அடியில் ஓடிய பொடி எழுத்துவரை எல்லாம் தெரிந்தது. தங்கச்சி இல்லை. ரயிலும் இல்லை. கிழவர் கடலுக்குள் நீளும் பாலத்தின் நுனிவரை நடந்து போகிறார். பனி மூடுகிறது. விலகும்போது தண்ணீரில் குடை மட்டும் மிதக்கிறது. மேலே மழை.

அணைக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. அவள் கத்தரிக்காயைத் தரையில் கொட்டியபடி என் முகத்தைப் பார்த்தாள்.

“முடிவப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அந்தத் தங்கச்சி மட்டும் வரலன்னா அந்த மனுசன் என்ன ஆயிருப்பாரோ?”

அவள் ஒரு கத்தரிக்காயை எடுத்து, சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அதான் வந்துட்டால்லா,” என்றாள்.