மெதுவா டீச்சரின் ஏழாம் பாடம்

ஏழாம் பாடம் என்றால் முதலில் சன்னல்களைச் சாத்துவார். பிறகு கதவை. பிறகு கதவைத் திறந்து, வராந்தாவில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சாத்துவார். அதற்குள் கால்வாசி நேரம் போயிருக்கும்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மெதுவா டீச்சர்'. ஊர் ஊராக மக்கள் தெருவில் இறங்கிக் கோஷம் போட்ட கதையை, "மெதுவா... மெதுவா படிங்க கண்ணுங்களா" என்று சொல்லியே நடத்தி முடிப்பார். பக்கத்து வகுப்பில் கணக்குச் சொல்லித்தரும் எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஒரு நாடு விடுதலை வாங்கியதை இவ்வளவு ரகசியமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"என்ன டீச்சர், அந்நியன் இன்னும் கப்பல் ஏறலையா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

"உங்களுக்கென்ன சார், ரெண்டும் ரெண்டும் நாலுன்னா யாரும் வந்து ஏன்னு கேக்கப் போறதில்ல."

அது நிஜம்தான். அந்தப் பாடத்தில், முதல் வேலைநிறுத்தத்தை நடத்திய ரயில்வே தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருடைய பேரன் இப்போதைய அரசைத் திட்டி மேடையில் பேசினான். புதுப் பதிப்பில் தாத்தாவைக் காணோம். பழைய புத்தகத்தை வைத்திருந்தால் குற்றம். போன மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பையனிடம் அது அகப்பட்டது. அவன் அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள். மனிதர் இன்னும் வீடு திரும்பவில்லை. அதைக் கேட்டதிலிருந்து கேலியை விட்டுவிட்டேன்.

நேற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிறுமியின் குரல்: "டீச்சர், எங்கக்கா புக்குல ஒருத்தரு இருக்காரே, அவரு எங்க போனாரு?"

"அய்யோ, குடு இப்படி. வேற யார்கிட்டயாவது காட்டினியா?"

அந்த நேரம் பார்த்துத்தானா கல்வி அதிகாரி வர வேண்டும்! தலைமையாசிரியர் விடுப்பு. நான்தான் அதிகாரியை அந்த வகுப்புக்குள் அழைத்துப் போனேன்.

மேசைமேல் குப்புறக் கிடந்தது புத்தகம்.

"பழசு மாதிரி இருக்கே. யாருது?"

மூன்றாம் பெஞ்சில் அந்தச் சிறுமி எழுந்திருக்கப் போனாள். டீச்சர் பாய்ந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"என்னுதுங்க சார்."

"உங்களுதா? குடுங்க பாப்போம்."

முன்னட்டையில் லேபிள். அக்காவின் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் குண்டு குண்டாக எழுதியிருந்தது. டீச்சர் லேபிளைப் பிய்த்தார். அதிகாரியின் முகத்தைப் பார்த்தபடியே வாயில் போட்டு மென்றார்.