கண்ணை மூடுங்க, டீச்சர்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். லீவில் ராஜபாளையம் வந்தால் வீட்டில் எல்லாமே அணிவகுப்புதான். மகளைப் பள்ளியில் சேர்க்கக் கிளம்பியவர், மைதானத்தையும் கழிப்பறைக் குழாயையும் பார்த்துத்தான் எந்தப் பள்ளிக்கும் மார்க் போட்டார்.

மகள் வீட்டில் பெரிய வாயாடி. வெளியாள் யாராவது பெயர் கேட்டால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய பள்ளியில் பெயர் கேட்டார்கள், கலர் கேட்டார்கள். மூச்சுவிடவில்லை. "பேச்சு வந்த பொறவு கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் எங்களிடம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை முட்டியது. இவளை எந்தப் பள்ளியும் சேர்க்காதோ என்று பயந்துபோனேன்.

கடைசியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சின்னக் கிறிஸ்தவப் பள்ளிக்குப் போனோம். ஐந்தாம் வகுப்பு வரைதான். மைதானம் என்று இருந்தது ஒரு வேப்பமரத்தடி. "இதுல ஓடுனா புள்ள மரத்துலதான் போயி முட்டும்" என்று முனகினார் அவர். ஏசு படம் மாட்டிய அறைக்குள் நுழைய, ராகுகாலம் கழியட்டும் என்று எங்களை வெயிலில் நிறுத்தி வைத்தவரும் அவர்தான்.

தலைமையாசிரியை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். ஆமென் சொன்னதும் மகள், பூசாரி முன்னால் நீட்டுகிற மாதிரி வலது கையை நீட்டினாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"திருநீறா? இங்க அது இல்லையேம்மா" என்றவர், மேசையைத் துழாவி ஒரு சாக்பீஸ் துண்டை அந்தக் கையில் வைத்தார். அவள் அதை உள்ளங்கையில் தேய்த்து நெற்றியில் பூசிக்கொண்டாள். பிறகு மேசையைச் சுற்றிப் போய் அவர் முன்னால் எக்கி நின்றாள்.

"கண்ண மூடுங்க டீச்சர், உள்ள விழுந்துரும்."

காலையில் பூசிவிடும்போது நான் அவளிடம் சொல்வது அது. வெளியாள் ஒருவரிடம் என் மகள் பேசிய முதல் பேச்சும் அதுதான். அந்த அம்மா சிரிக்கவில்லை. குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

சேர்த்துவிட்டு வெளியே வந்ததும் வீட்டுக்காரர் வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நாந்தான் அப்பவே சொன்னேன்லா, இங்கதான் தோதுப்படும்னு."

நான் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் அந்த வெள்ளைப் பூச்சைத் துடைக்காமலே அந்த அம்மா வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்.